தழை ஒடித்த வேம்புகள்

“கம்ப்யூட்டர்ல மரமே இல்லைன்னு வந்திருக்குதுங்க. நீங்க இருக்குதுங்கறீங்க. நான் யாரை நம்பறது?”

மின்கோபுர வழித்தடத்தைச் சரிபார்க்க வந்தவர் என்னிடம் இப்படிக் கேட்டபோது, அவருடைய வண்டி எங்கள் வேம்பின் நிழலில்தான் நின்றிருந்தது. அவர் காட்டிய வரைபடத்தில் எங்கள் மேட்டுக்காட்டு நிலம் வெறும் மஞ்சள் கட்டம். தரிசு என்று போட்டிருந்தது. அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. மின்கம்பிக்கு அடியில் உயரமாக எதையும் விட மாட்டார்கள். பதினோரு வேம்புகளும் போய்விடும். எங்களுக்கு வெள்ளாடுதான் பிழைப்பு. கோடையில் அவற்றுக்குத் தீனி அந்த மரங்கள்தான்.

“எதிர்க்கவே நிக்குது, கண்ணுக்குத் தெரியலீங்களா?” என்றார் அப்பா.

“எனக்குத் தெரியுதுங்க. பங்குனியில பறந்த டிரோனுக்குத் தெரியலையே. தோப்புன்னு இருந்தா ஓடையோரமாத் திருப்பியிருப்பாங்க. சென்னைப் பக்கம் பெருசு பெருசா கம்ப்யூட்டர் கட்டடம் வருதாமா. அதுக்குக் கரண்டு போயாவோணுமுல்ல.”

“எம்புள்ளையும் கம்ப்யூட்டர்லதாங்க வேலை பாக்குது” என்றார் அப்பா, விட்டுக்கொடுக்காமல். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்து, ராசிபுரத்தில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். வானிலிருந்து எடுத்த நிலப் படங்கள் திரையில் வரும். வீடு, கிணறு, பாதை, மரம் என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு போட்டுப் பெயர் கொடுக்க வேண்டும். அவற்றைக் கொண்டுதான் செயற்கை நுண்ணறிவு தானாக அடையாளம் கண்டு வரைபடம் போடப் பழகுகிறது. எந்த ஊர்ப் படம் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். விதி ஒன்று உண்டு: இலைப்பரப்பு தெரியாவிட்டால் அது மரம் இல்லை.

பங்குனியில் புல் காய்ந்ததும் எங்கள் பக்கம் வேம்பில் ஏறித் தழை ஒடித்து ஆடுகளுக்குப் போடுவோம். மரம் மொட்டையாக நிற்கும்; கொஞ்ச நாளில் மறுபடி துளிர்த்துவிடும். மொட்டை மரம் மேலிருந்து பார்த்தால் ஒரு புள்ளி, பக்கத்தில் மெலிந்த நிழல். அப்படிப்பட்ட புள்ளிகளை எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறேன். என்னவென்று தெரிந்தேதான் கடந்து போனேன். பிழையில்லாத வேலை என்று அலுவலகப் பலகையில் என் பெயரை எழுதினார்கள். அதைப் போனில் படம் எடுத்து அம்மாவிடம் காட்டினேன்.

வண்டி வந்துபோன மறுநாள் எங்கள் குழுவை நடத்தும் அக்காவிடம் கேட்டேன். “தழை ஒடிச்ச மரத்தையும் மரம்னு போடலாமாங்க்கா?”

“விதியில இல்லாதத நீயாச் சேக்காத அம்மிணி. உம்பட மார்க்குதான் கொறையும்.”

“அது மரந்தானுங்க்கா.”

“உனக்குத் தெரியும். மெசினுக்குத் தெரியோணுமே. உங்கூட்டு ஆட்டைக் கூட்டியாந்து உக்கார வெய்யி, கரெக்டாக் கோடு போடும்.” பக்கத்து இருக்கைகளிலிருந்து சிரிப்பு வந்தது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இதெல்லாம் வெளிய பேசாத. வேலைக்குச் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கறோம்.”

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. எங்கள் காட்டின் படம் என்னிடமே வந்திருக்குமா? வேறு யாரோ செய்த வேலையாகவும் இருக்கலாம். அது எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் இதே விதியைப் படித்துவிட்டுத்தான் எவரும் உட்கார்ந்திருப்பார்கள். எத்தனை பேருடைய காடு தரிசாகியிருக்கும்? மூன்று முறை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்சேபனை மனு எழுத உட்கார்ந்தேன். பதினோரு மரங்களையும் இலையோடு படம் எடுத்தேன். பங்குனியில் அம்மா ஏணி போட்டுத் தழை ஒடிக்கும் பழைய படம் ஒன்று போனில் இருந்தது. அதையும் சேர்த்தேன்.

“மரம் இருக்குதுன்னு மட்டும் எழுது சாமி. உன் வேலையப் பத்தி எதுக்கு? போயிருச்சுன்னா?” என்றார் அப்பா.

வெறும் படத்தை வைத்தால் எங்கள் ஒரு காட்டைத்தான் பார்ப்பார்கள். இந்த வேலையைச் செய்கிறவள் நான், விதி இப்படி இருக்கிறது, தழை ஒடிக்கும் ஊர்களில் எல்லாம் இந்தத் தவறு நடக்கும் என்று ஒரு பத்தி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை காலை நாமக்கல்லில் கலெக்டர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தேன். நகல் ஒன்றை அக்காவுக்கு அனுப்பிவிட்டு ராசிபுரம் பஸ்ஸில் ஏறினேன்.