அப்பாவுக்குக் கேட்காத எஞ்சின்

புதிதாக வாங்கிய காரின் பொனெட்டைத் திறந்து காட்டியபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "இஞ்சின் எங்க?" என்பதுதான். அவர் குனிந்து தடவிய இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று மட்டுமே இருந்தது. விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக் பேசினக் கவுத்து வச்சு ஒன் தலையில கட்டிட்டாங்கம்மா" என்றார். ஆசைப்பட்டு வாங்கிய காரை இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

அப்பா பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, எதிரே நிற்பது ஆளா மரமா என்று தெரியாத நிலைக்கு வந்திருந்தார். ஆனால் ரோட்டில் போகும் லொறி எந்த கியரில் ஏறுகிறது என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவார்.

முதல் பயணமாகக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். ஏற்றத்தில் ஒரு வளைவு. திடீரென்று "நின்னுருச்சு!" என்று கத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்னால் வந்த பஸ்காரர் அடித்த ஹோர்னில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கோபித்துக்கொள்ள வேண்டியவள் நான். முந்திக்கொண்டது அவர். இனி இந்தக் காரில் ஏறவே மாட்டாராம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பதுளை ஆஸ்பத்திரியில் கண் ஒபரேஷனுக்குத் திகதி கிடைத்தது. மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்தது. தவறவிட்டால் மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது. "பஸ்ல போறேன்" என்றார். காலை பஸ்ஸில் மிதிபலகையில்கூட இடம் இருக்காது. கண் தெரியாதவரை அதில் ஏற்ற எனக்கு மனமில்லை. கெஞ்சினேன், அதட்டினேன். "வகுப்புல புள்ளைங்களப் பேசுற மாதிரி என்னப் பேசாத" என்று ஒரே போடாகப் போட்டார்.

அந்த எரிச்சலோடுதான் பதுளையில் எண்ணெய் மாற்றப் போனேன். எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் கராஜ்காரர் பொனெட்டைத் திறந்ததும் அந்த மூடிமேல்தான் என் கோபம் பாய்ந்தது. "இது என்னத்துக்கு நானா?"

"சத்தத்தக் கொறைக்கத்தான் டீச்சர். அடியில ஸ்பொஞ்ச் இருக்கு பாருங்க. தூசி படாது, வயரெல்லாம் மறைஞ்சு பாக்கவும் அழகா இருக்கும். கழட்டினாலும் கார் ஓடும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அப்பாவுக்கு இப்போது காதுதானே கண்? அந்தக் காதையும் பொத்தி, வளைவும் பள்ளமுமான பாதையில் அவரைக் கூட்டிப் போயிருக்கிறேன். பயந்து போயிருக்கிறார் மனுஷன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் காரைக் குறை சொல்லியிருக்கிறார்.

ஒபரேஷனுக்குப் புறப்படும் காலையில் அவரைக் கைபிடித்துக் காரின் முன்னால் நிறுத்தினேன். மூடியை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன். டப்டப்பென்று கழன்று வந்தது. ஸ்டார்ட் செய்துவிட்டு, "இப்பக் கேளுங்கப்பா" என்றேன். என் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவர் தலையைச் சாய்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, உள்ளுக்குத்தான் இருக்கியா!"

அது எஞ்சினுக்குச் சொன்னது. எனக்கு ஒரு வார்த்தை இல்லை. தானாகவே தடவித் தடவிக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிடச் சொன்னார்.

பதுளை வரைக்கும் ஒரே அதிகாரம்தான். "மிதிக்காத, மூச்சு வாங்குது." "வளைவு வருது, காலை எடு." கண் தெரிகிற நான் கண் தெரியாதவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே ஓட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த ரோட்டில் ஓட்டியதே இல்லை.

மறுநாள் ஒரு கண்ணில் கட்டைப் பிரித்து அனுப்பினார்கள். காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, இனி ரோட்டையும் பார்த்துக் குறை சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அப்பா ரோட்டைப் பார்க்கவில்லை. எஞ்சினையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட கறுப்புக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"ஒனக்கு எப்பம்மா இவ்வளவு நரச்சுச்சு? என்கிட்ட யாருமே சொல்லலியே."

சிரிக்கத்தான் நினைத்தேன். காரை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.