நிலாவில் கொழுந்து பறித்தவர்கள்

என் விஞ்ஞானக் கதைகளில் வேற்றுக்கிரகத்தார் வருவதில்லை. யுத்தமும் கிடையாது. எங்கோ தொலைவில் ஓர் ஆள் தனியாக உட்கார்ந்து ஓர் இயந்திரத்திடம் பேசிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். போன மாதம் கண்டியில் நடந்த என் புத்தக வெளியீட்டில் ஒரு வாலிபர் எழுந்து, "எல்லாக் கதையிலயும் ஒரே ஆள்தானா மிஸ்? வேற ஆள் கெடைக்கலியா?" என்று கேட்டார். சபை சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்துவிட்டு இறங்கினேன்.

உண்மையில் எனக்கு எழுதுவதைவிடப் பேசுவதுதான் பழக்கம். கட்டுகஸ்தோட்டையில் என் வாடகை அறையில், வேலைக்குக் கிளம்புமுன் கதையை வாயால் சொல்லி ஃபோனில் பதிந்துகொள்வேன். எழுத்தெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் காலங்காலையில் யாருடனோ சண்டை பிடிக்கிறேன் என்று பக்கத்து அறைப் பெண் வெகுநாள் நினைத்திருந்தாளாம். சண்டை பிடிக்கவாவது ஓர் ஆள் வேண்டாமா?

இந்தப் பழக்கம் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், எனக்குப் பத்து வயதில் தொற்றியது. அம்மா அப்போது சவூதியில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். அப்பாவுக்குத் தேயிலை ஃபக்டரியில் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அவர் வரும்வரை தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில் நானும் சுவரும்தான். அவர் வந்த பிறகும் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்பா அளந்து பேசுகிறவர். அளவும் மிகச் சிறியது.

அம்மாவுக்குக் கடிதம் எழுத வராது. அதனால் கசெட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவாள். நாங்கள் கேட்டு முடித்ததும் அதே கசெட்டில் அவள் பேச்சின் மேலேயே எங்கள் பேச்சைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். புதுக் கசெட் வாங்கும் பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மாவின் குரலை அழித்துத்தான் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரே ஒரு கசெட் மட்டும் திரும்பிப் போகவில்லை. அதன் ஒரு பக்கம் முழுக்க அரபுப் பாட்டு. மறுபக்கத்தில் அம்மா அப்பாவிடம் மட்டும் பேசியிருந்தாள். என்னை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, அப்பா காதில் ஒற்றை வயரை மாட்டிக்கொண்டு அதைக் கேட்பார். பிறகு அலுமாரியில், தான் உடுத்தும் சாரங்களுக்கு அடியில் வைத்துவிடுவார். அது வந்த பிறகு ஏழெட்டு மாதமாக அம்மாவிடமிருந்து கசெட்டும் இல்லை, வேறு தகவலும் இல்லை. அவளுடைய குரல் என்று அந்த வீட்டில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

நானோ அப்போது ஒரு மாபெரும் விஞ்ஞானக் கதையைத் தயாரித்து வைத்திருந்தேன். நிலாவில் தேயிலை நடுகிறார்கள். அங்கே எடை குறைவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அதனால் கூடை கனக்காது, பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு பறிக்கிறார்கள். சாயங்காலம் கணக்கப்பிள்ளை கொழுந்தை நிறுத்தால் தராசு அசையவே மாட்டேன் என்கிறது. எல்லோருக்கும் அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம்தான் என்கிறார். கோபம் வந்த பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாக எம்பிக் குதித்துப் பூமிக்கே வந்துவிடுகிறார்கள். இதை அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. நிலாவில் இருக்கிறவளுக்கு வழி தெரியட்டுமே.

கையில் கசெட் இல்லை. அலுமாரியைத் திறந்தேன். அந்தக் கசெட்டை ரெக்கோடரில் போட்டால், பதிவதற்கான சிவப்புப் பொத்தான் அழுந்த மறுத்தது. உற்றுப் பார்த்தேன். கசெட்டின் மேல் விளிம்பில் இருந்த சின்னப் பிளாஸ்டிக் பல் உடைந்திருந்தது. யாரும் மேலே பதியாமலிருக்க அப்பாதான் அதைக் கத்தியால் நெம்பி எடுத்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ பழுது என்று நினைத்து, அந்த ஓட்டையின் மேல் புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டரை ஒட்டினேன். பொத்தான் அழுந்தியது. விஞ்ஞானத்துக்கு என்னுடைய முதலாவது பங்களிப்பு அது. அரபுப் பாட்டு எனக்குப் பிடிக்கும், அழிக்க மனம் வரவில்லை. அதனால் மறுபக்கத்தில் பதிந்தேன். ராக்கெட்டுக்குத் தகர டப்பாவைத் தட்டினேன், காற்றுக்கு வாயால் ஊதினேன், தொண்டை வறளும்வரை பேசினேன்.

அப்பா வேலை விட்டு வந்ததும் பெருமையோடு நீட்டினேன். அவர் பிளாஸ்டரைப் பார்த்தார். தடவிப் பார்த்தார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க இருந்து பேசிப் புடிச்ச?"

"மொதல்ல இருந்தேப்பா. அம்மாவுக்கு அனுப்பலாம்னு."

அவர் கை ஓங்குவார் என்று ஒரு கணம் பயந்தேன். ஓங்கவில்லை. "போயி பீலியில தண்ணி புடிச்சிட்டு வா" என்றார். வாளியோடு திரும்பி வந்தபோது, அம்மா பேச்சைக் கேட்கும் அதே ஒற்றை வயரைக் காதில் மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குக் கிடைத்த மரியாதை என் கதைக்கும்! வாசலில் நின்றே எட்டிப் பார்த்தேன். நாடா அநேகமாக முடியும் இடத்தில் இருந்தது. அவர் நிறுத்தி, கொஞ்சமே கொஞ்சம் பின்னால் ஓட்டி, மறுபடியும் கேட்டார். மறுபடியும். அவர் கண் கலங்கியிருந்தது. பெண்கள் குதிக்கும் கட்டம் அப்பாவை உலுக்கிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

அந்தக் கசெட்டை அவர் அனுப்பவில்லை. ஆனால் மறுநாள் வேலை விட்டு வந்தவர், முகம்கூடக் கழுவாமல் என் எதிரே உட்கார்ந்து, "சொல்லு புள்ள, இன்னிக்கு எங்க போறாங்க?" என்றார். அதற்கடுத்த நாளும் கேட்டார். நிலாவில் அட்டை கடிக்குமா, அங்கே ஃபக்டரிக்கு விறகு யார் கொண்டுவருவார்கள் என்றெல்லாம் சந்தேகம் கேட்பார். பாதிக் கதையில் கொட்டாவி விடுவார், ஆனால் எழுந்து போகமாட்டார். இரண்டு வருடம் கழித்து அம்மா திரும்பி வரும்வரை இது ஒருநாளும் தவறவில்லை. பேசாமடந்தையாக இருந்த மனிதரை என் கதை பேசவைத்துவிட்டது என்ற கர்வத்தில்தான் நான் எழுத்தாளரானேன்.

வந்த அம்மா முன்னைப்போல் பேசவில்லை. சென்ற வருடம் அவளும், இந்த வருடம் அப்பாவும் போய்விட்டார்கள். அலுமாரியை ஒழித்தபோது சாரங்களுக்கு அடியில் அந்தக் கசெட், அந்தப் பிளாஸ்டரோடு. கண்டி மார்க்கெட் பக்கம் ரேடியோ பழுது பார்ப்பவர் ஒருவர் அதை என் ஃபோனில் ஏற்றிக் கொடுத்தார். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வந்தேன். தகர டப்பா, ஊதல், கணக்கப்பிள்ளை, குதித்தல் எல்லாம் ஓடி, "கதை முடிஞ்சிச்சு" என்று என் கீச்சுக்குரல் சொன்னது. பொத்தானைத் தூக்கும் சத்தம். அதற்கப்பால் நான் பதியாமல் விட்ட துண்டு நாடாவில், இன்றைய என்னைவிட இளைய குரலில், அம்மா.

"…புள்ளைய ஏசாதீங்க. அதுக்குப் பேச ஆளில்ல. வேல விட்டு வந்தா செத்த நேரம் அதுகூட ஒக்காந்து பேசுங்க, என்ன…"

அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது. பஸ் ஆற்றங்கரை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் ஓட்டி, திரும்பவும் கேட்டேன். அப்பாவுக்கு என் கதைகள் உண்மையிலேயே பிடித்திருந்தனவா என்று இனி யாரிடம் கேட்பேன்?