கை தூக்கச் சொன்ன மேனேஜர்

எங்கள் தகடு அடிக்கும் கம்பெனியின் மேனேஜருக்குக் கோணவாயர் என்று பெயர் வைத்தது நாங்கள்தான். வாயைக் கோணலாக்கியது நாங்கள் இல்லை. மேனேஜரான புதிதில் ஒரு வெல்டரைத் தானே முடிவெடுத்து வேலையை விட்டு நீக்கினார். அவன் சைக்கிள் ஸ்டாண்டில் காத்திருந்து, இரும்புச் சங்கிலியைச் சுழற்றித் தாடையிலேயே போட்டான். எலும்பு உடைந்து பற்கள் மண்ணில் சிதறின. ஒட்டவைத்த தாடையும் நேராகவில்லை, மனிதரும் அதன்பின் நேராகவில்லை.

அன்றிலிருந்து அவர் எதையும் தனியாக முடிவு செய்ததில்லை. காலையில் எங்களை மெஷின்களுக்கு நடுவே நிறுத்தி, "சம்மதம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்பார். எதற்குத் தூக்க வேண்டும் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருக்கும். தூக்காதவனுக்கு இரவு ஷிப்ட் நிச்சயம். அவர் மட்டும் தூக்க மாட்டார், எண்ணுவார். பிறகு ஏதாவது கோளாறு ஆனால், "எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுதானே" என்று நழுவிவிடுவார். எனக்கு வேலை ஸ்டோரில்; அங்கே உட்கார்ந்து அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் மறுநாள் நானும் தூக்குவேன்.

தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய பிரஸ்ஸில், கை உள்ளே போகாமல் தடுக்கும் காப்புக் கதவு உடைந்தபோதும் அதுதான் நடந்தது. கதவு மூடினால்தான் பிரஸ் இறங்கும். கம்பியைக் கட்டி, கதவு மூடியதுபோல் மெஷினை ஏமாற்றி ஓட்டுவதா, நிறுத்திப் பழுது பார்ப்பதா? ஆர்டரோ கழுத்தை நெரித்தது.

"ஓட்டலாம்னு சொல்றவங்க?"

எல்லாக் கையும் எழுந்தது. பிரஸ் ஓட்டுகிற அவருடைய சொந்த மாப்பிள்ளையின் கையும்தான். மாமனார் முன்னால் அவன் வேறென்ன செய்வான்?

மறுநாள், கோணிக்கொண்ட தகட்டைச் சரிசெய்யப் போன அந்தக் கையின் மேல் பிரஸ் இறங்கியது. வழக்கமாகக் கேட்கும் அதே சத்தம், அதன்பிறகுதான் அவன் அலறல். ஃபிட்டர் ஜாக்கி வைத்துத் தூக்குவதற்குள் ரத்தம் வழிந்து எங்கள் செருப்புகளை நனைத்துவிட்டது. முழங்கைக்குக் கீழே கை நசுங்கித் தொங்கியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவசரப்பட்டார். "கையை எடுத்துட்டா உயிர் பிழைப்பார். கையைக் காப்பாத்தியும் பார்க்கலாம், ஆனா விஷம் ஏறினா ஆளே போயிடுவார். வீட்டுக்காரங்க யாரு? உடனே சொல்லுங்க."

கோணவாயர் டாக்டரைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார்.

"எடுத்துடலாம்னு சொல்றவங்க?"

ஃபிட்டரின் கை பழக்கதோஷத்தில் பாதி எழுந்தது. அந்த நேரத்தில்தான் கோணவாயருடைய மகள் வந்து நின்றாள். கம்பெனிக்குப் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், கதவு விஷயம் வரை எல்லாம் தெரிந்து கேரியரும் கையுமாக ஓடிவந்திருந்தாள். ஃபிட்டரின் கையைத் தட்டிவிட்டு, அப்பாவின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினாள்.

"கதவு விஷயத்துல நீங்க கை தூக்கினீங்களாப்பா?"

"நான் தூக்கலம்மா." அது தன்னைக் காப்பாற்றும் என்று அவர் நம்பினார்.

கேரியரை ஓங்கி அதே தாடையில் அடித்தாள். எலும்பு மறுபடியும் உடையும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவர் சரிந்து விழுந்த பிறகும் அடித்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு மனசும் இல்லை.

மூச்சு வாங்க டாக்டரிடம் திரும்பினாள். "எடுத்துடுங்க. நான் அவர் பொண்டாட்டி, நான் சொல்றேன்." சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. டாக்டர் உள்ளே ஓடினார்.

தரையில் கிடந்தபடி, ரத்தம் ஒழுகும் வாயோடு, "ஆமா டாக்டர், எடுத்துடுங்க" என்றார் கோணவாயர். அதற்குள் ஆபரேஷன் தியேட்டர் கதவு சாத்தியிருந்தது.