மஞ்சள் கோடு போட்ட நட்டு

ஏ ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் என்னைச் சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பில் இறக்கிவிடும்போது மணி நாலாகிவிடும். காலையிலிருந்து நின்ற கால் கெஞ்சும். ஆனாலும் வீட்டுக்குள் போகாமல் நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பேன். மூன்று வாரம் இப்படியே போனது. அலுத்துப்போனது என்று சொன்னால் போதாது. அந்த வண்டியைப் பார்க்கவே பிடிக்காமல் போனது.

வண்டி ஒரு பழைய கேரவன். சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு ஓடி ஓய்ந்தது. உள்ளே ஒரு கட்டில், ஃபேன், சின்ன பாத்ரூம் எல்லாம் உண்டு. என் மனைவிக்காகத்தான் வாங்கினேன். அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அரைமணி நேரம் தாங்கமாட்டாள். திண்டுக்கல்லில் இருக்கும் எங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. முதல் பேத்தி. போனில் பார்த்ததோடு சரி. மகளுக்கு ஆபரேஷன் செய்து எடுத்த பிரசவம் என்பதால் அவளாலும் வர முடியாது. ஆம்புலன்ஸ் வைத்துப் போகலாம் என்றேன். பேத்தி முகத்தைப் பார்க்க ஆம்புலன்ஸில் போய் இறங்கமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

அதனால் கேரவன். இதில் முன்னால் ஒரு பேட்டரி, அது வண்டியை ஸ்டார்ட் செய்ய. பின்னால் இரண்டு பேட்டரி, அவைதான் மெஷினுக்குக் கரண்ட் கொடுப்பவை. வண்டி ஓடும்போது இன்ஜினோடு சுற்றும் ஆல்டர்னேட்டர், எங்கள் பக்கத்துப் பேச்சில் டைனமோ, மூன்றையும் சார்ஜ் செய்ய வேண்டும். முன் பேட்டரி ஏறியது. பின் பேட்டரிகள் ஏறவே இல்லை. மெஷினைப் போட்டுக்கொண்டு ஒரகடம் பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஓட்டினால், இரண்டரை மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்து இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடும். திண்டுக்கல் எட்டு மணி நேரம்.

எங்கள் தெருமுனையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், பொறுமைசாலி. முதலில் பெல்ட் தொய்வா என்று பார்த்தார். பிறகு டைனமோவைக் கழற்றிப் பிரித்துச் சரிசெய்து போட்டார். டைனமோ வாயில் பதினாலுக்கு மேல் வோல்ட் காட்டியது, பின் பேட்டரியில் பன்னிரண்டரைதான். சார்ஜ் ஏற அங்கேயும் பதினாலு வர வேண்டும். பேட்டரி செத்திருக்கும் என்று நான் புதிது வாங்கிப் போட்டேன். அதே பன்னிரண்டரை. பிளஸ் வயரை முழுதும் மாற்றினோம். அதே கதைதான். ஒவ்வொரு நாளும் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, மூக்கில் குழாயோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கேள்வி கேட்கமாட்டாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் அடியிலிருந்து வெளியே வர நேரமாக்குவேன்.

இரண்டாவது வாரமே எலக்ட்ரீஷியன் ஒன்று சொன்னார். பின் பேட்டரியின் மைனஸ் வயர் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் முடுக்கியிருக்கும் இடத்தைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த நட்டை முடுக்கியவன் நான். வண்டி வந்த கையோடு துருவைச் சுரண்டி, சேஸிஸ் முழுதும் கறுப்புப் பெயிண்ட் அடித்து, நானே முடுக்கி, மேலே மஞ்சள் பெயிண்ட் பேனாவால் கோடும் இழுத்திருந்தேன். பதினேழு வருஷமாகக் கம்பெனி அசெம்பிளி லைனில் நான் செய்யும் வேலை அதுதான். சரியான அளவுக்கு முடுக்கினால் மஞ்சள் கோடு. கோடு விழுந்த நட்டை அடுத்த ஸ்டேஷனில் இருப்பவன் தொடமாட்டான், சூப்பர்வைசர் தொடமாட்டார். தொட்டால் சண்டை.

"அது மார்க் போட்ட நட்டுப்பா. வேற எங்கனா பாரு" என்றேன். அவரும் தோளைக் குலுக்கிவிட்டு வேறு எங்கோ பார்க்கப் போனார்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன். எலக்ட்ரீஷியன் வண்டிக்குப் பின்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். என் நட்டு கழன்று தரையில் கிடக்கிறது, மஞ்சள் கோடு தெரிய. யாரைக் கேட்டுக் கையை வைத்தாய் என்று கத்திவிட்டேன். அவர் நட்டு இருந்த இடத்தை விரலால் காட்டினார். என் கறுப்புப் பெயிண்ட் வழவழவென்று அப்படியே இருந்தது. நான் பெயிண்ட்டின் மேலேயே வயரை வைத்து முடுக்கியிருக்கிறேன். முடுக்கியதில் குறையே இல்லை. இரும்பும் இரும்பும்தான் தொட்டுக்கொள்ளவில்லை, கரண்ட் போக வழியில்லை. அவர் உப்புத்தாளால் பெயிண்ட்டைத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று வந்ததும் வயரைத் திரும்ப முடுக்கி, இன்ஜினைப் போட்டார். பின் பேட்டரியில் பதினாலு புள்ளி ஒன்று. மூன்று வாரம், ஒரு புது பேட்டரி, என் முதுகு எல்லாம் வீண்.

"அவர இன்னாத்துக்குத் திட்டுற? நாந்தான் தொறக்கச் சொன்னேன்" என்று ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

அசிங்கமாக இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லைண்ணா என்று சொல்லிவிட்டு ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டு போனார். நான் உள்ளே போய், உனக்கு எப்படி அது தோன்றியது என்று அவளைக் கேட்டேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"என் கம்பெனி மெடிக்கல் கார்டுலயும் வருஷா வருஷம் ஃபிட்டுன்னு சீல் வச்சாங்க. நான் ராத்திரியெல்லாம் இருமிகினு இருந்தேன். நீ கார்டப் பாத்துட்டு, அதான் ஃபிட்டுன்னு போட்டுகீதேன்னு திரும்பிப் படுத்துகினே."

அவள் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் ஒன்பது வருஷம் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டிங்கில் இருந்தவள். அந்தத் தூசி மேல்துணியில் வீட்டுக்கு வரும், நானே உதறியிருக்கிறேன். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாக, மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு விடியற்காலையில் கிளம்பினோம். டேஷ்போர்டில் பதினாலு அசையாமல் நின்றது. பின்னால் மெஷின் ஓடும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. கிளம்பும்போது அவள் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியிலும் நல்ல நம்பர்தான் இருந்தது. இருந்தாலும் திண்டிவனம் தாண்டி ஒருமுறை, விழுப்புரம் தாண்டி ஒருமுறை வண்டியை ஓரங்கட்டிப் பின்னால் போனேன். எந்த நம்பரையும் பார்க்காமல், மூச்சு எப்படி இருக்கிறது என்று அவளையே கேட்டேன். இருக்கிறது என்றாள். திருச்சிக்கு முன்னால் மூன்றாவது முறையும் நிறுத்திவிட்டுப் போய் நின்றேன்.

"மூச்சு கீது" என்றாள். "கொழந்த முழிச்சிகினு இருக்கும். போ, போயி வண்டிய எடு."