இடம் மாறிய சூட்டுத் தழும்பு

எங்கள் வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. மனசெல்லாம் அந்தப் பெட்டிக் கேமராவில். யுத்த காலம், ராசிபுரத்தில் குடியிருந்தோம். பிலிம் சுருள் கிடைப்பதே குதிரைக் கொம்பு. கிடைத்ததை மனிதர் எதில் செலவழித்தார் தெரியுமா? தறிக்காரர் வீதியில் காயப்போட்ட பட்டுநூல், நெய் டின்மேல் உட்கார்ந்த காக்கை, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடி, வழியில் நின்றுபோன பஸ்ஸைத் தள்ளுகிற ஜனங்கள். என் தம்பி கல்யாணத்தில் எடுத்த படத்தில் மாப்பிள்ளைக்குத் தலையே இல்லை. கேட்டதற்கு, "மாலை எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது, பார்" என்றார். இப்படி ஒரு மனிதரோடு குடித்தனம்!

உருப்படியான படம் என்று நான் நினைத்தது ஒன்றுதான். எங்களுக்குப் பால் ஊற்றிய அக்காவின் புருஷன், மாட்டுப் பொங்கலன்று தன் வெள்ளை எருதின் திமில்மேல் கைவைத்து நின்ற படம். கரும்பு ஆலையில் ஆள்காட்டி விரலைப் பறிகொடுத்தவர் அவர். அந்த வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அதன் பிறகுதான் எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பிலிமைக் காகிதத்தின்மேல் வைத்து வெயிலில் காட்டி, படமாக அச்சுப்போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொஞ்சம் மங்கலாக இருந்தது.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். "எருது நம்முளுதுதானுங்க. ஆளு மட்டும் அவராட்டமே இல்லீங்களே" என்றாள்.

இவருக்கு முகம் சுண்டிவிட்டது. துக்கத்தில் பேசுகிறாள் என்று வழியெல்லாம் என்னிடம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அக்கா அந்தப் படத்தை எங்களிடமே திருப்பிக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

அடுத்த கோடையில் அந்த எருது களவு போயிற்று. ஜோடியில் ஒன்று போனால், இரண்டு மாடு பூட்டி இழுக்கும் கவலையை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீரை எப்படி இறைப்பது? ராகிப் பயிர் கண்ணெதிரே காய்ந்தது. அக்கா சந்தை சந்தையாக அலைந்து, கடைசியில் நாமக்கல் சாலையில் ஒரு சந்தையில் எருதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆத்தூர்ப் பக்கத்து மாட்டுத் தரகர் ஒருவர் கையில் இருந்தது. கயிற்றைப் பற்றிக்கொண்டு, திருடன் என்று சந்தையே கூடும்படி கத்தியிருக்கிறாள். அந்த ஊர் மணியக்காரர் சாட்சி கேட்டாராம். எங்களுக்கு ஆள் வந்தது. படத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். எருது கிடைக்காவிட்டால் அவள் நிலத்தைத் தரிசாகப் போட வேண்டியதுதான்.

நாங்கள் போனபோதும் அக்கா கயிற்றை விடவில்லை. "கூப்பிட்டா எம் பின்னாலயே வருதுங்க" என்று அழுதாள்.

"புல்லைக் காட்டினா எந்த மாடும்தான் வரும்" என்றார் தரகர்.

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படத்தை நீட்டினார். "பாருங்கள், என் படம் பொய் சொல்லாது."

மணியக்காரர் படத்தைப் பார்த்தார், எருதைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். கன்றாக இருந்தபோது பின்தொடைச் சப்பையில் போட்ட பிறைபோன்ற சூட்டுத் தழும்பு இரண்டிலும் இருந்தது. "ஏனுங்க வாத்தியாரே, மாட்டுக்குச் சூடு வலது சப்பையில இருக்குது. படத்துல இடது சப்பையில அல்லோ இருக்குது?"

"அதானே! இது வேற மாடு" என்று தரகர் துள்ளினார். "என்னைத் திருடன்னு சொன்ன அந்தம்மா இங்கேயே கால்ல விழணும்."

ஐயோ, உதவி செய்ய வந்து அவள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமே! படத்தைப் பிடுங்கிக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். பிடுங்கியபோதுதான் திமில்மேல் இருந்த அந்தக் கை கண்ணில் பட்டது.

"அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்கு எந்தக் கையில் விரல் இல்லை?"

"வலக்கையில அம்மிணி. ஏன் கேக்கற?"

படத்தில் விரல் இல்லாதது இடக்கை. எனக்கு வந்த ஆத்திரத்தில் சந்தை என்றும் பார்க்கவில்லை. "பிலிமைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறீர்கள்! எல்லாம் இடம் வலமாகக் கிடக்கிறது!" என்று கத்தினேன். இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

மணியக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. புளியமரத்தடியில் சவரம் செய்துகொண்டிருந்தவரின் கண்ணாடியை வாங்கி, அதற்கு எதிரே படத்தைப் பிடித்தேன். கண்ணாடிக்குள் தழும்பு வலது சப்பைக்கு வந்தது. விரலில்லாத கையும் வலக்கையாயிற்று.

மணியக்காரர் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். "அட, இவருங்களா! துண்டுக்கடியில இவரு கையைப் புடிச்சு, வெரலாலயே எத்தனை மாட்டுக்கு வெலை பேசியிருக்கறேன்! ஆள்காட்டி இல்லாம நடுவிரலை அல்லோ நீட்டுவாரு. வலக்கையேதானுங்க" என்றார். பிறகு தரகர் பக்கம் திரும்பி, "மாட்டை உட்டுட்டுப் போ" என்றார்.

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அக்கா அதையெல்லாம் கேட்டாளோ என்னவோ. என் தோளுக்கு மேலாக, கண்ணாடிக்குள் தெரிந்த தன் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து யார் இழுத்தும் விடாத கயிறு அவள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"வந்துட்டீங்களா?" என்றாள். "இப்பத்தானுங்க உங்களாட்டம் இருக்கறீங்க."

எருது அதுபாட்டுக்குச் சந்தைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டது. படத்தை இவர் கையில் திணித்துவிட்டு, நான்தான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன்.