இரண்டு பல் வித்தியாசம்

ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் என் கணவருக்கு வாழ்க்கையில் என்ன குறை என்று தெரிந்தது. ரிமோட்டில் ஓடுகிற ஒரு ட்ரக். பற்றரியில் ஓடும், சப்பாத்துப் பெட்டி அளவுதான் இருக்கும். இந்த ஞானம் அவருக்கு மட்டும் வந்திருந்தால் சமாளித்திருப்பேன். என் அண்ணனுக்கும் அதே கிழமை வந்துவிட்டது.

அண்ணன் இங்கே கனடாவில் கிழமை முழுவதும் மொன்றியலுக்கும் ஸ்காபரோவுக்கும் இடையில் பெரிய லொறி ஓட்டுபவர். ஓய்வு நாளில் சின்ன லொறி ஓட்டிக் களைப்பாறுவார். கணவர் காப்புறுதி அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருப்பவர். எந்தக் கலையையும் வீடியோ பார்த்துப் பழகிவிடலாம் என்று நம்புகிறவர். ஒருவருக்கு அனுபவம், மற்றவருக்கு வீடியோ. மற்றவர் சொல்வதைக் கேட்கிற பழக்கம் இருவருக்குமே இல்லை.

நான் விரும்பிக் கற்காத கல்வி இது. மோட்டரின் முனையில் இருக்கும் சின்னப் பற்சக்கரத்துக்குப் பினியன் என்று பெயர். அதில் பல் கூடினால் ட்ரக் வேகமாக ஓடும், ஆனால் இழுவை குறையும், மோட்டரும் சுடும். பல் குறைந்தால் மெதுவாகப் போகும், ஆனால் மலையும் ஏறும். டிஃபரன்ஷல், சுருக்கமாக டிஃப், என்பது வளையும்போது வெளிப்பக்கச் சில்லைக் கொஞ்சம் கூடச் சுற்றவிடுகிற பெட்டி. அதைப் பூட்டிவிட்டால் இரண்டு சில்லும் ஒன்றாகத்தான் சுற்றும். கரடுமுரடில் நன்றாக ஏறும், வளையச் சொன்னால் வளையாது. எங்கள் வீட்டு ஆண்களைப் போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும் அண்ணியும் வழக்கம்போலச் சாப்பிட வந்திருந்தார்கள். கணவர் ஆட்டிறைச்சிக் கறிச் சட்டிக்குப் பக்கத்திலேயே ட்ரக்கைக் கவிழ்த்து வைத்து, பின் டிஃபின் பூட்டைக் கழற்றி, இரண்டு பல் கூடின பினியன் போட்டிருப்பதைப் பெருமையாகக் காட்டினார். அண்ணன் சிரித்தார்.

"உந்தப் பல்லோட உது ஸ்பீட் பம்பிலயும் ஏறாது மச்சான்."

"நீர் முன்னும் பின்னும் டிஃபைப் பூட்டி வைச்சிருக்கிறீர். உம்மட ட்ரக் வளையாமல் நேரா மொன்றியலுக்குத்தான் போகும்" என்றார் கணவர்.

அண்ணன் கோப்பையை வைத்துவிட்டு ஜாக்கெட்டை எடுத்தார். பாயாசத்தைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணியும் பின்னால் போனார்.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் இல்லை. காணிச் சண்டை, சீதனச் சண்டை என்றால் வெளியில் மரியாதையாகச் சொல்லலாம். கோயிலில் ஓர் அன்ரி, "என்ன பிள்ளை, அண்ணையை உங்களோட காணேல்லை?" என்று கேட்டபோது, சின்னப் பல்லுப் பிரச்சினை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் அன்பாக எனக்கொரு பல் வைத்தியரைச் சிபாரிசு செய்தார்.

தூது போகும் வேலை எனக்கும் அண்ணிக்கும் வந்தது. அவர் தொலைபேசியில், மோட்டர் சுடுகிறதா என்று தன் வீட்டுக்காரர் கேட்பதாகச் சொல்வார். "சுடேல்லையெண்டு சொல்லும்" என்பார் என் கணவர், மோட்டரை வாயால் ஊதிக்கொண்டே. அண்ணனின் ட்ரக் இப்போது வளைகிறதா என்று நான் கேட்பேன். சமையலறை மூலையில் அது குளிர்சாதனப் பெட்டியை முட்டிக்கொண்டு நிற்பதாக அண்ணி குரலைத் தாழ்த்திச் சொல்வார். இருவரும் சிரிப்போம். ஆனால் இந்த நகரத்தில் எனக்கென்று இருக்கும் ஒரே உடன்பிறப்பு அண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருக்கு மட்டும் அரிசி அளந்து போடுவது எனக்குச் சிரிப்பாக இல்லை.

மார்ச் மாதக் கடைசியில் நாங்கள் இருவரும் ஒரு பொய் சொன்னோம். அஜின்கோர்ட்டில் நாங்கள் மரக்கறி வாங்கும் பிளாசாவின் பின்பக்கம், குளிர்காலம் முழுவதும் வாரிக் கொட்டின ஸ்னோ கறுத்து இறுகி மலைபோலக் கிடந்தது. அதில் ட்ரக் ஏற்றிக் காட்ட மற்றவர் பயப்படுகிறார் என்று அவரவர் கணவரிடம் சொல்லிவைத்தோம். சனிக்கிழமை காலை இருவரும் வந்து நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, மலையைத்தான் பார்த்தார்கள்.

கணவரின் ட்ரக் தார் நிலத்தில் அம்பு மாதிரிப் பறந்தது. மலையடியில் ஒரு சில்லு அந்தரத்தில் தூக்கியது. பூட்டாத டிஃப் இருந்த பலத்தையெல்லாம் அந்தச் சில்லுக்கே தாராளமாகக் கொடுக்க, அது காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ரிமோட்டை விடாமல் அமத்தினார். கொஞ்ச நேரத்தில் கருகின மணம் வந்தது.

அண்ணனின் ட்ரக் ஆமை மாதிரி ஏறியது. உச்சிக்கும் போனது. அவர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது வளையவில்லை. கொள்கைப் பிடிப்போடு நேராக மறுபக்கம் இறங்கி, ஸ்னோ கரைந்து தேங்கின கறுப்புத் தண்ணீருக்குள் மூழ்கியது.

அண்ணன் சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கினார், வழுக்கினார். என் கணவர் ஓடிப்போய்க் காரில் ஸ்னோ தட்டும் பிரஷ்ஷை எடுத்து நீட்ட, அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கையில் ட்ரக்கோடு ஏறி வந்தார். முழங்கால்வரை நனைந்திருந்தது.

"பின்னுக்கு மட்டும் பூட்டியிருந்தா வளைஞ்சிருக்கும், என்ன மச்சான்?" என்றார் கணவர்.

"ஓம். நீரும் அந்த ரெண்டு பல்லைக் குறைச்சிருந்தா உது ஏறியிருக்கும்."

நடுங்கிக்கொண்டே நின்று இருவரும் கணக்குப் போட்டார்கள். முன்னுக்குத் திறந்த டிஃப், பின்னுக்குப் பூட்டின டிஃப், நடுத்தரமான பினியன். பெரிய கண்டுபிடிப்பு.

"பெட்டியைத் திறக்கேக்க உப்பிடித்தானே இருந்தது?" என்றார் அண்ணி.

இருவருக்கும் அது கேட்கவில்லை. பிழை பற்றரியில்தான் என்று அதற்குள் ஏகமனதாக முடிவெடுத்திருந்தார்கள். கடைக்காரன்தான் ஏமாற்றிவிட்டானாம்.

எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தோம். ஆயத்தமாக ஒன்றும் இல்லை. இருந்த பருப்பை வைத்து, முட்டை பொரித்துக் கொடுத்தேன். அண்ணன் என் கணவரின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு இருந்து சாப்பிட்டார். பருப்பில் உப்புக் காணாது என்றார். வேறு நாளாயிருந்தால் வாங்கிக் கட்டியிருப்பார். நான் உப்புப் போத்தலை எடுத்துக் கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.