மழை மாதத்தில் கட்டிய ஜீப்

ஜாக்கியை வைத்து ஏற்றினால் வண்டி எழும்ப வேண்டும். என் தம்பியின் ஜீப் எழும்பவில்லை. ஜாக்கிதான் வண்டிக்குள் ஏறியது. அடிச்சட்டம் நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்ததும், பாண்டிச்சேரியிலிருந்து வந்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் அப்போதும் பச்சை பானெட்டின் பளபளப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் என் முகம் தெரிந்தது.

மரக்காணத்தில் தம்பி குத்தகைக்கு உப்பளம் எடுத்திருந்தான். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவன் பாதம் ஆறாத வெடிப்பாகிவிட்டது. இனி தண்ணீரில் இறங்கவே கூடாது என்றார் டாக்டர். சரியென்று சும்மா இருக்கிற ஆளா அவன்? வானூர்ப் பக்கம் ஒரு தோப்பில் துருப்பிடித்துக் கிடந்த ஜீப்பை வாங்கி வந்துவிட்டான். கூரையை அறுத்தெடுத்து, பின்னால் எதிரெதிராக சீட் போட்டு, குயிலாப்பாளையம் விடுதிகளில் தங்குகிற வெளியூர்க்காரர்களை ஏற்றி வந்து உப்பளத்தைச் சுற்றிக் காட்டுவது அவன் திட்டம். “இனிமே நான் தண்ணியில எறங்க மாட்டேங்க்கா. ரோட்டுல நின்னு காட்டுறதோட சரி” என்றான். அந்தப் பாதத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவனைத் தடுத்திருக்க மாட்டார்கள்.

ஜீப் செலவுக்கு முதலில் குத்தகை போயிற்று. பிறகு அவன் பெண்டாட்டி வளர்த்த கறவை மாடுகள் போயின. “மாடாவது பால் கொடுத்துச்சு. இது என்னா கொடுக்குது?” என்று கேட்டாள் அவள். உதிரி பாகம் வாங்குவதற்காக, வெயில் காலமெல்லாம் அடுத்தவர் உப்பளத்தில் கூலிக்கு இறங்கினான், அதே பாதத்தோடு. மழை வந்து உப்பளம் மூழ்கினால்தான் எங்கள் ஊரில் கை ஓயும். அதனால் ஈரக்காற்று வீசுகிற மாதங்களில்தான் அவனுடைய வெல்டிங்கும் பெயிண்டும். “இந்த மழையோட முடிஞ்சிடும்க்கா” என்பான் ஒவ்வொரு வருஷமும். “வித்துட்டு ஒரு ஆட்டோ வாங்குடா” என்று ஒருமுறை சொன்னேன். கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

வண்டிக்கென்று கொட்டகை போட்டபோது சிமெண்டுக்கு வழியில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதெல்லாம் ஒரு பிரச்சினையா? உப்பளத்துக் களிமண்ணைக் கொட்டி, உப்புப் பாத்தியை மிதிப்பது போலக் காலால் மிதித்தால் தரை கல்லாக இறுகிவிடும். தெருவே கூடி வந்து சிரிப்பும் கூத்துமாக மிதித்துக் கொடுத்தது. கடல் காற்று படக்கூடாது என்று தம்பி வண்டியைத் தரைவரை தார்ப்பாயால் மூடிக் கட்டினான். காற்றில் வரும் உப்புக்கு அவ்வளவு பயந்தவனுக்குக் கீழே கொட்டிய மண்ணே உப்பு என்று தோன்றவில்லை. மழையில் தரை கசிந்து, அந்த ஈரம் தார்ப்பாய்க்குள்ளேயே தங்கி, வருஷக்கணக்காக அடிச்சட்டத்தைத் தின்றிருக்கிறது. உப்பிலேயே பிறந்து வளர்ந்த அத்தனை பேர் இருந்தோம், ஒருத்தருக்குமா தோன்றாது!

“மேல எல்லாம் நல்லாத்தான் இருக்குதுப்பா. தாங்குறதுக்குத்தான் கீழ ஒண்ணும் இல்ல” என்றார் மெக்கானிக். தம்பி பானெட்டைத் தடவிப் பார்த்தான். பிறகு, “பெயிண்ட் எப்படிங்க வந்திருக்குது?” என்று கேட்டான். நான் வெளியே போய் அழுதேன். அடுத்த வாரம் பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து வண்டியை வெட்டி எடுத்துப் போனார்.

இந்தக் கோடையில் அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். முன்பு அவன் குத்தகைக்கு எடுத்திருந்த அதே உப்பளத்தில் கூலிக்கு நிற்கிறான். யாருடைய வண்டியோ, கூரையில்லாத ஜீப் ஒன்று ரோட்டோரம் வந்து நின்றது. தொப்பி போட்ட நாலைந்து பேர் இறங்கினார்கள். “ஏம்பா, கொஞ்சம் நிமிரு, போட்டோ எடுக்கணுமாம்” என்று டிரைவர் குரல் கொடுத்தார். தம்பி நிமிர்ந்தான். முதலில் ஜீப்பைப் பார்த்தான், பிறகு கேமராவைப் பார்த்தான். உப்பு வாருவதைக் காட்டச் சொன்னார்கள். பலகையை இழுத்து வாரினான். படம் சரியாக வரவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை என்றார்கள். வாரினான்.